காலாண்டு ஜிஎஸ்டி ரிட்டர்னிலிருந்து மாத விற்பனையை எடுப்பது எப்படி? கோளாறு வாரியாக ஒரு வழிமுறை

சின்ன வியாபாரிகளின் மாத விற்பனையை ஜிஎஸ்டி ரிட்டர்னை வைத்துக் கணக்கிடும் வேலை இப்போது பலர் மேஜைக்கும் வந்துவிட்டது. கடன் விண்ணப்பம் தயார் செய்பவர்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்கள், ஒரு ஊரின் வியாபார நிலவரத்தை ஆராய்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ரிட்டர்ன் என்பது வரி வசூலுக்காக ஏற்பட்டது. அது மாதத்துக்கு ஒன்றாகவும் வரும், மூன்று மாதத்துக்கு ஒன்றாகவும் வரும், தாமதமாகி மொத்தமாகவும் வரும். நம்மிடம் கேட்பவர்களோ பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு எண் கேட்கிறார்கள். நடுவில் இருக்கும் இடைவெளியைத் தப்பாக நிரப்பினால் நன்றாக ஓடும் கடைக்குக்கூடக் கடன் கிடைக்காமல் போகும், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எந்தக் கோளாறைப் பார்ப்பதற்கு முன்னாலும் ஷீட்டில் மூன்று தேதிக்கும் தனித்தனி நிரல் போட்டுவிடுங்கள்: பில் போட்ட தேதி, ரிட்டர்ன் எந்த வரிக்காலத்துக்கானது, அது தாக்கலான தேதி. கீழே வரும் கோளாறுகளில் பாதி, இந்த மூன்றில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

இரண்டு மாதம் பூஜ்யம், மூன்றாவது மாதம் மலை மாதிரி

ஏப்ரல் 0, மே 0, ஜூன் 48 லட்சம் என்று வந்தால் அந்தக் கடை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்ததாக அர்த்தமில்லை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் க்யூஆர்எம்பி திட்டத்தில் சேரலாம். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் திட்டம் இது: ரிட்டர்ன் காலாண்டுக்கு ஒன்று, வரி மட்டும் மாதாமாதம். விற்பனையையும் வரியையும் சுருக்கமாகச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் ஜூன் காலத்துக்கு ஒன்றுதான் வரும், அதற்குள் மூன்று மாத விற்பனையும் இருக்கும். தமிழ்நாட்டில் அதற்குக் கடைசித் தேதி அடுத்த மாதம் 22.

முதலில் அந்தக் காலாண்டுக்கு வியாபாரி எந்த முறையைத் தேர்ந்திருந்தார் என்று ஜிஎஸ்டி போர்ட்டலில் பாருங்கள். காலாண்டு முறை என்று உறுதியானால் ஏப்ரல், மே கட்டங்களில் இருக்கும் பூஜ்யத்தை அழித்துவிட்டு வெற்றாக விடுங்கள். பூஜ்யம் என்றால் விற்பனை இல்லை, வெற்று என்றால் நமக்குத் தகவல் இல்லை. எக்செலில் சராசரி எடுக்கும்போது வெற்றுக் கட்டத்தை அது கணக்கில் சேர்க்காது, பூஜ்யத்தைச் சேர்த்துவிடும். "கடந்த ஆறு மாதத்தில் நாலு மாதம் விற்பனையே இல்லை" என்று மேலே போகும் குறிப்பு இப்படித்தான் பிறக்கிறது.

அப்புறம் பிரிக்கும் வேலை. எடுத்த எடுப்பில் மூன்றால் வகுத்துவிடாதீர்கள், ஏனென்றால் பல கடைகளில் பாதித் தகவல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. விற்பனை பில்களின் விவரத்தைத் தரும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் காலாண்டுக்கு ஒன்றாக வந்தாலும், அதில் பதிவுபெற்ற வியாபாரிகளுக்குப் போட்ட ஒவ்வொரு இன்வாய்ஸும் அதன் தேதியோடு இருக்கும். போர்ட்டலிலிருந்து ஜேசன் கோப்பாக இறக்கினால் இன்வாய்ஸ் எண்ணுக்குப் பக்கத்திலேயே தேதி நிற்கும், அதை வைத்து மாதவாரியாகக் கூட்டினால் அந்தப் பகுதி மதிப்பீடே அல்ல, நிஜ எண். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களில் ஐஎஃப்எஃப் என்ற பில் ஏற்றும் வசதி வழியாகச் சிலர் பில்களை முன்கூட்டியே ஏற்றியிருப்பார்கள், மாதத்துக்கு 50 லட்சம் வரை, அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள். அதை மாத விற்பனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விருப்பமிருந்தால் ஏற்றலாம் என்ற வசதிதான் அது, வாங்கியவர் "எனக்குக் கிரெடிட் வரவில்லை" (வாங்கும்போது கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் வசதிதான் கிரெடிட்) என்று போன் போட்டால் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் காலாண்டு முடிவில் சேர்த்துக்கொள்வார்கள்.

சாதாரண வாடிக்கையாளருக்கு விற்ற சில்லறை விற்பனைக்குத்தான் தேதி கிடையாது, அது மாநிலம், வரி விகிதம் வாரியாக மொத்தத் தொகையாக வரும். ஆக நாம் பிரிக்க வேண்டியது இந்தப் பகுதியை மட்டும்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஜவுளிக்கடை, 2024 அக்டோபர்–டிசம்பர் காலாண்டு, மொத்தம் 60 லட்சம். தேதியுள்ள பில்கள் அக்டோபரில் 8, நவம்பரில் 6, டிசம்பரில் 4, ஆக 18 லட்சம். மிச்சம் 42 லட்சம் சில்லறை. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. கடையின் பழைய கணக்கைப் பார்த்து அக்டோபருக்கு 50, நவம்பருக்கு 20, டிசம்பருக்கு 30 சதவீதம் என்று எடை கொடுத்தால் சில்லறை 21, 8.4, 12.6 என்று பிரியும். இரண்டையும் கூட்டினால் மாதங்கள் 29, 14.4, 16.6. திரும்பக் கூட்டுங்கள், 60 வருகிறது. வராவிட்டால் எங்கோ தப்பு, மேலே போகாதீர்கள்.

அந்த எடையை எங்கிருந்து எடுப்பது? பலர் கவனிக்காத ஒரு இடம் இருக்கிறது. 2021-க்கு முன்னால் இதே சின்னக் கடைக்காரர்களும், காம்போசிஷன்காரர்களை (சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருப்பவர்களை) தவிர, 3பி-யை மாதாமாதம்தான் போட்டார்கள். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். 2018 ஏப்ரலிலிருந்து 2020 பிப்ரவரி வரை எடுத்துக்கொண்டால் அந்தக் கடையின் சொந்த மாத ஓட்டம் கையில் கிடைக்கும். விற்பனையின் அளவு மாறியிருக்கும், அதனால் தொகையை விட்டுவிட்டு விகிதத்தை மட்டும் எடுங்கள். 2020 மார்ச்சுக்குப் பிந்தைய ஊரடங்கு மாதங்களை இதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

முதல் இரண்டு மாதமும் ரூபாய் பிசகாமல் ஒரே தொகை

விற்பனை தெரியாதபோது "மாதாமாதம் வரி கட்டியிருக்கிறாரே, அதை வைத்துப் பிரிக்கலாம்" என்று தோன்றும். க்யூஆர்எம்பி-காரர்கள் முதல் இரண்டு மாதத்துக்கும் பிஎம்டி-06 சலானில், அடுத்த மாதம் 25-க்குள் பணம் கட்டுவார்கள். அந்தத் தொகையை இரண்டு விதமாக முடிவு செய்யலாம். ஒன்று, நிஜக் கணக்குப் போட்டுக் கட்டுவது. இன்னொன்று, போர்ட்டலே நிரப்பித் தரும் நிலைத்தொகை: போன காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 சதவீதம். இது சுலபம் என்பதால் பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள்.

போன காலாண்டில் ரொக்க வரி 90,000 என்றால் இந்தக் காலாண்டில் முதல் மாதம் 31,500, இரண்டாவது மாதமும் 31,500. மொத்த ரொக்க வரி 1,50,000 என்று முடிந்தால் மூன்றாவது மாதத்தில் மிச்சம் 87,000 கட்டுவார். இந்த மூன்று எண்ணை வைத்து விற்பனையைப் பிரித்தால் கடைசி மாதத்தில் வியாபாரம் மூன்று மடங்கு நெருங்கிவிட்டது போலத் தெரியும். அந்த 31,500-க்கும் இந்தக் காலாண்டு விற்பனைக்கும் சம்பந்தமே இல்லை, அது முழுக்கப் போன காலாண்டின் நிழல். போன காலாண்டில் அவர் மாத முறையில் இருந்திருந்தால் அதன் கடைசி மாதத்து ரொக்க வரி அப்படியே, அதாவது 100 சதவீதம், நிலைத்தொகையாக வரும். போர்ட்டலில் உள்ள அவர் வரிக் கணக்கில் (லெட்ஜரில்) இருப்பு போதுமான அளவு இருந்தால் கட்டாமலே விடலாம், அப்போது பூஜ்யம் தெரியும்.

இரண்டு மாதத் தொகையும் சரிசமமாக இருந்தால் பிஎம்டி-06-ஐ எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். சமமாக இல்லாவிட்டாலும் யோசித்துத்தான் தொட வேண்டும். ரொக்க வரி என்பது விற்பனை வரியிலிருந்து கொள்முதல் கிரெடிட்டைக் கழித்த மிச்சம், அதனால் பண்டிகைக்குச் சரக்கு இறக்கும் மாதத்தில் விற்பனை ஏறியிருந்தாலும் ரொக்க வரி இறங்கும்.

ஒரே நாளில் நாலைந்து மாத விற்பனை

நிரலில் தாக்கல் தேதி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முந்தைய 3பி நிலுவையில் இருந்தால் அடுத்ததைப் போட முடியாது, தொடர்ந்து இரண்டு வரிக்காலம் போடாவிட்டால் சரக்கை அனுப்பத் தேவையான ஈ-வே பில்லை எடுக்கும் வசதி முடங்கும். லாரியில் சரக்கு ஏற்றி நிறுத்திவிட்டு பில் எடுக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே உட்கார்ந்து எல்லா மாதத்தையும் போட்டு முடிப்பார்கள். வரிக்கால நிரலுக்கு மாற்றினால் எண்கள் அதனதன் மாதத்துக்குப் போய்விடும்.

ஆனால் இப்படி அவசரத்தில் போட்ட ரிட்டர்ன்களில் இன்னொன்றையும் பாருங்கள்: நாலு மாதத்துக்கும் உருண்டையாக ஒரே தொகை இருக்கிறதா? இருந்தால் அது தோராயம், சரியான கணக்கு அடுத்து வரும் மாதங்களில் திருத்தமாக வரும். அந்த நாலு மாதத்தையும் ஒரு தொகுப்பாக வைத்து, திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டு, காலாண்டைப் பிரித்தது போலவே பிரிக்க வேண்டும்.

தாமதத்தை உடனே வியாபாரியின் ஒழுங்கீனம் என்று எழுதிவிடவும் வேண்டாம். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்கு நவம்பர் மாத 3பி-க்கான கெடு 2024 ஜனவரி 10 வரை நீட்டிக்கப்பட்டது. கடைக்குள் தண்ணீர் புகுந்து சரக்கை இழந்தவர் ஜனவரியில் ரிட்டர்ன் போட்டதற்காக "தாமதம்" என்ற குறி வாங்கக் கூடாது. மாவட்டத்தையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

காலாண்டு மாறும் இடத்தில் படிக்கட்டு

மூன்றால் வகுத்தவர்களுக்கு வருவது. முதல் காலாண்டு 30 லட்சம், அடுத்தது 60 லட்சம் என்றால் 10, 10, 10, 20, 20, 20 என்று வரும். ஜூன் 30 இரவு தூங்கி எழுந்தால் ஜூலை 1-இல் வியாபாரம் இரட்டிப்பு. நிஜத்தில் அப்படி நடக்காது.

இதற்கு 1971-இல் டென்டன் என்ற பொருளாதார அறிஞர் சொன்ன முறை இன்றைக்கும் புள்ளியியல் அலுவலகங்களில் புழக்கத்தில் இருக்கிறது. காலாண்டுக் கூட்டுத்தொகை மாறக் கூடாது, மாதத்துக்கு மாதம் ஏற்படும் மாற்றம் முடிந்தவரை சின்னதாக இருக்க வேண்டும், இந்த இரண்டும்தான் நிபந்தனை. இதே 30, 60-க்கு அது தருவது 7.9, 9.5, 12.6, பிறகு 17.4, 20.5, 22.1. கூட்டிப் பாருங்கள், 30-உம் 60-உம் அப்படியே நிற்கின்றன, படிக்கட்டு மட்டும் சரிவாக மாறிவிட்டது. எக்செலில் சால்வர் வைத்தே செய்யலாம், ஆர் மொழியில் டெம்ப்டிஸ்அக் என்று தனித் தொகுப்பே இருக்கிறது.

ஆனால் வெறும் மழமழப்பை நம்பிவிடாதீர்கள். மளிகை, மருந்து, ஹார்டுவேர் மாதிரி வருஷம் முழுக்க ஒரே சீராகப் போகும் தொழிலுக்கு இது பொருந்தும். ஜவுளி, பட்டாசு, நகை என்றால் டென்டன் தீபாவளியையே வழித்து எடுத்துவிடும். அங்கே மாத ஓட்டத்தைக் காட்டும் இன்னொரு தரவைத் துணைக்கு வைத்து, அதன் விகிதத்தை ஒட்டி ஓடும்படி அதே டென்டனைப் போட வேண்டும். ஈ-வே பில் எண்ணிக்கை, கடையின் யுபிஐ வரவு, மின்கட்டணம் எதுவானாலும் சரி, எனக்கு மிகவும் பிடித்தது யுபிஐ வரவு. சின்னக் கடைக்கு ஈ-வே பில் அவ்வளவு உதவாது: பொது வரம்பு 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு 1 லட்சம், அதற்குக் கீழே உள்ள சரக்கு அதில் தெரியவே தெரியாது. யுபிஐயும் வங்கி வரவும் வரியோடு சேர்ந்த தொகை, 3பி-யில் இருப்பது வரி நீங்கிய மதிப்பு, அதனால் இங்கேயும் விகிதம் மட்டும்.

போன வருஷம் நவம்பரில் உச்சம், இந்த வருஷம் நவம்பர் படுத்துவிட்டது

வியாபாரம் சரிந்ததா என்று பதறுவதற்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. 2023-க்குப் போட்ட மாத எடையை 2025-க்கு அப்படியே ஒட்டினால் நவம்பர் தப்பாகத்தான் வரும். நகைக்கடைக்கு அட்சய திருதியை: 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் மே 10, 2025-இல் ஏப்ரல் 30. சில்லறைக் கடைக்கு இவை ஒரே காலாண்டுக்குள் நகர்கின்றன, கூட்டுத்தொகை காப்பாற்றிவிடும். மொத்த வியாபாரிக்குத்தான் சிக்கல் பெரிது, அவர் சரக்கு விற்பது பண்டிகைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் என்பதால் தீபாவளி முன்னே வரும் ஆண்டில் அவர் விற்பனை செப்டம்பர் பக்கம் சாய்ந்து வேறு காலாண்டுக்கே போய்விடும். எடையை மாதத்தின் பெயரோடு கட்டாமல் "தீபாவளிக்கு முந்தைய நாலு வாரம்" என்று பண்டிகையோடு கட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வருஷமும் இந்தத் தலைவலி இருக்காது.

மைனஸ் எண், அல்லது காரணமே இல்லாமல் திடீர் சரிவு

கிரெடிட் நோட், அதாவது திரும்பிய சரக்குக்காக பில் தொகையைக் குறைத்து விற்பவர் கொடுக்கும் சீட்டு. ஆகஸ்டில் அனுப்பிய சரக்கு அக்டோபரில் திரும்பினால் கழிவது அக்டோபரில். விற்பனை எவ்வளவு நடந்தது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், மூல பில் எது என்று வியாபாரியிடம் கேட்டு அந்த மாதத்துக்குக் கொண்டுபோங்கள். வரி எவ்வளவு கட்டினார் என்பது கேள்வி என்றால் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒரே ஷீட்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஒரு நிதியாண்டின் பில்களைத் திருத்தவும் கிரெடிட் நோட்டைக் காட்டவும் கெடு அடுத்த நவம்பர் 30. அதனால் செப்டம்பர், அக்டோபர் கால ரிட்டர்ன்களில் போன வருஷத்துப் பாக்கியெல்லாம் வந்து சேரும். 3பி-யைத் திருத்திப் போட வழியில்லை, பிழை எதுவானாலும் அடுத்து வரும் ஏதோ ஒரு மாதத்தில்தான் சரிக்கட்டுவார்கள். ஜிஎஸ்டிஆர்-1-இன் திருத்த அட்டவணைகளில் எந்த பில் எப்போதையது என்பது இருக்கும், 3பி-யில் ஒற்றைத் தொகை மட்டும்தான் தெரியும்.

கிளைகளைக் கூட்டினால் விற்பனை ஊதிப் போகிறது

ஒரே நிறுவனம் சென்னையிலும் கொச்சியிலும் பதிவு வைத்திருந்தால், சென்னையிலிருந்து கொச்சிக் கிளைக்குப் போன சரக்குக்கும் பில் உண்டு, வரி உண்டு. அது சென்னைக் கணக்கில் ஒருமுறை, கொச்சியில் வாடிக்கையாளருக்கு விற்றபோது இன்னொருமுறை ஏறும். ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32. அடுத்த பத்து எழுத்தும் பான் எண். வாங்குபவர் எண்ணின் பான் பகுதியும் விற்பவருடையதும் ஒன்றாக இருக்கும் பில்களை வடிகட்டி நீக்கினால் சரியாகிவிடும்.

2025 செப்டம்பருக்குப் பிறகு வரி பாதியாகிவிட்டது

வரித் தொகையிலிருந்து பின்னோக்கி விற்பனையைக் கணக்கிடும் ஷீட்களில் இது வரும். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5-க்கும் 18-க்கும் போய்விட்டன. 1,500 ரூபாய்ச் சட்டைக்கு முன்பு 12 சதவீதம், அதற்குப் பின் 5. பத்து லட்சத்துக்கு அதே சட்டைகளை விற்றவர் முன்பு 1,20,000 வரி காட்டியிருப்பார், இப்போது 50,000. பழைய விகிதத்தால் வகுத்தால் விற்பனை 4.17 லட்சம் என்று வரும். வரியிலிருந்து கணக்கிடுவதை நிறுத்திவிட்டு 3பி-யின் 3.1 அட்டவணையில் இருக்கும் வரிவிதிப்பு மதிப்பை எடுங்கள். ஏற்றுமதி அதே அட்டவணையில் தனி வரியில் இருக்கும், திருப்பூர்ப் பக்கம் வேலை செய்பவர்கள் அதைச் சேர்க்க மறந்தால் பாதி ஊரே காணாமல் போகும்.

இந்த மாற்றத்தில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. சில்லறை விற்பனைக்குத் தேதி கிடையாது என்றேன் அல்லவா? ஜூலை–செப்டம்பர் 2025 காலாண்டில் மட்டும், 12-லிருந்து 5-க்கு மாறிய பொருட்களை மட்டுமே விற்கும் கடைக்கு, 12 சதவீத வரியில் இருக்கும் தொகை செப்டம்பர் 21 வரைக்கும் நடந்த விற்பனை, 5 சதவீதத்தில் இருப்பது கடைசி ஒன்பது நாள் விற்பனை. ஆகஸ்ட் 15-இல் அறிவிப்பு வந்ததிலிருந்து விலை குறையட்டும் என்று காத்திருந்த வாடிக்கையாளர்கள் அந்த ஒன்பது நாளில் திரும்பினார்களா இல்லையா என்பது ரிட்டர்னிலேயே எழுதியிருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குக் கீழான துணியும் சேர்த்து விற்கும் கடைக்கு இது பலிக்காது, அது முன்பிருந்தே 5 சதவீதத்தில்தான் இருந்தது.

மாதத் தகவல் எங்குமே இல்லை

காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர். 1.5 கோடி வரை விற்றுமுதல் உள்ள கடைகள், சின்ன உணவகங்கள். காலாண்டுக்கு ஒரு சிஎம்பி-08 படிவம், அதிலும் மொத்தத் தொகை மட்டும். பில் விவரம் கிடைக்காது. கடையின் யுபிஐ வரவும் கல்லாக் குறிப்பும்தான் வழி. அதுவும் இல்லாவிட்டால் காலாண்டு எண்ணைக் காலாண்டு எண்ணாகவே கொடுங்கள், மாதமாக உடைக்காதீர்கள்.

மாநில, தேசிய வசூல் எண்ணோடு ஒத்துப்போகவில்லை

அந்த எண் வசூல். ஏப்ரல் வசூல் பெரும்பாலும் மார்ச் விற்பனைக்கானது, நிதியாண்டு முடிவில் கணக்குகளை நேர் செய்வதும் அதில் சேரும். 2024 ஏப்ரலில் 2.10 லட்சம் கோடி, 2025 ஏப்ரலில் 2.37 லட்சம் கோடி என்று அது உச்சத்துக்குப் போனது அதனால்தான். 2020 ஏப்ரலில் சுமார் 32 ஆயிரம் கோடியாக விழுந்ததிலும் ஊரடங்கோடு கெடு நீட்டிப்புக்கும் பங்கு உண்டு. ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு மாதம் நகர்த்தி வைத்து ஒப்பிடுங்கள்.

கடைசிக் காலாண்டின் எண் ஒவ்வொரு முறையும் மாறுகிறது

இது பிழை இல்லை. டென்டன் முறையில் கடைசி மூன்று மாதத்துக்கு வலது பக்கம் பிடிமானம் கிடையாது, அடுத்த காலாண்டு வந்ததும் அவை கொஞ்சம் நகரும். தாக்கலாகாத காலாண்டுக்கு முன்கூட்டியே எண் போட்டிருந்தால் இன்னும் அதிகமாக நகரும். அந்த எண்களுக்கு வேறு நிறம் கொடுத்து "தற்காலிகம்" என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பிரித்து எடுத்த மாதங்களுக்கு "மதிப்பீடு", தேதியுள்ள பில்லிலிருந்து வந்ததற்கு "பதிவு" என்று இன்னொரு நிரல். வாங்கிப் பார்க்கும் வங்கி அதிகாரிக்கு எது உறுதி, எது நம் கணிப்பு என்று தெரிய வேண்டும், அதை மறைத்துக் கொடுப்பது வியாபாரிக்கே பின்னால் வினையாகும்.

எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. அதே தொழிலில், அதே ஊரில், மாதாமாதம் ரிட்டர்ன் போடும் ஒரு கடையை எடுங்கள். அதன் மாத எண்களைக் காலாண்டாகக் கூட்டிவிட்டு, மாதம் தெரியாதது போல உங்கள் முறையில் திரும்பப் பிரியுங்கள். நிஜ மாதத்துக்கும் உங்கள் மாதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் முறையின் பிழை. தீபாவளிக் காலாண்டுக்கும் மற்றவற்றுக்கும் அதைத் தனித்தனியாக எடுத்து, ஷீட்டின் மேல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.